வாங்கிய கருவியும் ஆக்கிய கருவியும்

கிற்றார் தமிழர்க்கு உரிய இசைக்கருவியா, அன்றா? எமது பல்கலைக் கழகத் தமிழ்ச் சூழலில் இவ்வினா ஆண்டுக்கொரு முறையேனும், பெரும்பாலும் கலைவிழாவை அண்டிய நாள்களில், எழுவதும் பின் அடங்குவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார் அதனை அந்நியக் கருவி என்பர். அதன் மெட்டுகள் அசையாதவை, கமகத்துக்கு இடந்தராதவை, பைலாவுக்கும் பொப் பாடலுக்கும் அப்பால் பயன்படாதவை என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார் கலைக்கு எல்லை இல்லை என்பர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைத் தமிழில் பாடிப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு சென்றமையை அவர்கள் சான்று காட்டுவர். இரு திறத்தாரும் தத்தம் நியாயங்களைச் சொல்லிக் களைத்தபின், கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்துவரப்பட்ட இறக்குமதிக் கிற்றார் ஒன்று மேடையேறும். விழா முடியும். வினாவும் மறுவருடம் வரை உறங்கும்.

இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் முற்றாக ஒன்றுபடுகின்றனர் என்பதை எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. கருவி என்பது கடையில் வாங்கப்படுவது என்பதை இருவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளனர். அதனை ஏற்பவரும் வாங்குபவரே. மறுப்பவரும், வேறொரு கருவியை வாங்குபவரே. இதனைச் செய்தவர் யார், எம்மிடையே இதனைச் செய்யவல்லார் உளரா, இல்லையெனின் ஏன் இல்லை என்னும் வினாக்கள் எமது விவாதத்தில் இடம்பெறுவதில்லை.

இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே. ஒரு கருவி ஒரு மக்கட் கூட்டத்துக்கு உரியதாவது, அவர்கள் அதனைச் செய்யவும், பழுதுபார்க்கவும், தமது தேவைக்கேற்ப மாற்றியமைக்கவும் அறிந்துகொள்ளும்போதே ஆகும். வாசிப்பு மட்டும் அவ்வுரிமையைத் தருவதில்லை. இக்கூற்றை நிறுவப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொள்கின்றேன். அப்பிரதேசம் எனக்கு ஓரளவு பழக்கமானது என்பது ஒரு காரணம். கருவி செய்யாமைக்கு நாம் வழமையாகக் கூறும் சாட்டுகள் யாவும் அங்கே பொய்யாகிவிடுகின்றன என்பது முக்கியமான காரணம்.

1

முதலில் தூய்மைவாதியின் கட்சியை நோக்குவோம். வயலின் இன்றிக் கருநாடக இசைக் கச்சேரி நிகழ்வதை அவர் கற்பனை செய்யவும் மாட்டார். ஆயின் முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுஸ்வாமி தீட்சிதர் (1786-1858) அதனை எடுத்தாண்ட காலத்தில் அது முழுமையாக ஓர் ஐரோப்பியக் கருவியே. ஆர்மோனியத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1940 இல் அகில இந்திய வானொலி அதனைத் தடைசெய்தது; 1971 இல் அத்தடை தளர்த்தப்பட்டது. அத்தடையையும் மீறி எமது நாடகக் கொட்டகைகளிலும் பசனை மடங்களிலும் அது நிலைத்தது எவ்வாறு? ஐரோப்பாவில் காலால் மிதித்து வாசிக்கப்பட்ட அப்பெட்டியை, நிலத்தில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கத்தக்கதாக 1875 அளவில் கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் மாற்றிச் செய்தார். அதனை எமதாக்கியது ஒரு பட்டறையே. அங்கீகாரம் பின்னரே வந்து சேர்ந்தது.

மெட்டும் கமகமும் பற்றிய தடையும் இவ்வாறே வெல்லப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் ‘சக்தி’ இசைக்குழுவில் வாசித்த ஜோன் மக்லாஃப்லின், மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகக் குடைந்து, நரம்பை அழுத்திச் சுரத்தை வளைக்கத்தக்க கிற்றார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) இரட்டை நரம்புகள் கொண்ட மண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றை நரம்புகள் கொண்ட மண்டலினில் கீர்த்தனைகளை வாசித்தார். விஸ்வமோகன் பட் கிற்றாரின் கழுத்தையும் நரம்புகளையும் மாற்றி மோகன வீணை ஆக்கினார். அதன் இசைக்கு 1994 இல் கிராமி விருதும் கிடைத்தது. கமகம் வராது என்ற வாதத்துக்கு இம்மூவரும் கட்டுரை எழுதி விடையளிக்கவில்லை. உளியும் அரமுமே விடையளித்தன.

எமது பழைய இலக்கியத்தைப் போற்றுவோர்க்கு இது புதுமையாகத் தோன்றுதல் வியப்புக்குரியது. பொருநராற்றுப்படையைப் பாடமாகப் படிக்கும் மாணவன் அதன் தொடக்கத்திலேயே ஒரு கருவியின் செய்ம்முறையைச் சந்திக்கின்றான். பத்தர், போர்வை, ஆணி, கோடு, திவவு, நரம்பு என யாழின் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கு எண்ணப்படுகின்றன. பத்தரின் பிளவு மானின் குளம்படிக்கும், துளையை அடைத்த ஆணி வளையில் வாழும் நண்டின் கண்ணுக்கும் உவமிக்கப்படுகின்றன. முடத்தாமக்கண்ணியார் அக்கருவியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தவர். அதன் பொருத்துகளை அறிந்தவர். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகியவற்றிலும் இப்பார்வை உண்டு. நாமோ உவமையின் நயத்தை விளக்கிப் புள்ளி பெறுகின்றோம். ஆணி எதற்காக அடிக்கப்பட்டது என்று வினவுவதில்லை.

விதிவிலக்காக ஒருவர் இருந்தார். இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் அமர்ந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக் கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவருடைய ‘யாழ் நூல்’ 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. பாட்டில் உள்ள யாழை நரம்பின் நீளமாகவும் அலைவெண்ணின் விகிதமாகவும் கணித்து, மீளச் செய்யத்தக்க ஒரு பொருளாகக் காண முயன்ற நூல் அது. அவரது நினைவுதினத்தில் நாம் மாலை சூட்டுகின்றோம். அவர் காட்டிய வழியில், அதாவது மரத்தையும் நரம்பையும் அளக்கும் வழியில், எத்தனை அடி நடந்துள்ளோம்?

2

இனிப் புத்தளக் கரையை நோக்குவோம். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் ஊடாகக் கற்பிட்டி முனைவரை செல்லும் இக்கரை, இலங்கையின் இசைக் கலப்புக்கு ஓர் உயிர்ச்சான்று எனலாம். உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள் உள. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், ஆபிரிக்காவிலிருந்து அந்நிய ஆட்சியாளரால் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மஞ்ஞாப் பாடல்களை இன்றும் பாடுகின்றனர். சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி என வீட்டுப் பொருள்களே அவர்க்குத் தாளக் கருவிகள். தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர் கூட்டத்தில் கிற்றாரைத் தோளில் மாட்டிய இளைஞர்களைக் காணலாம். பைலா இக்கரையின் திருமண வீடுகளிலும் வாடிகளிலும் மொழிபேதமின்றி ஒலிக்கின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கத்தோலிக்கர், இந்துக்கள் எனப் பலரும் கூடிவாழும் இப்பிரதேசத்தில் கிற்றாரை அந்நியக் கருவி என எவரேனும் கூறின், கேட்போர் நகைப்பர்.

எனினும் அக்கருவிகள் எங்கிருந்து வந்தன? கடையிலிருந்து. பழுதானால் எங்குச் செல்கின்றன? அடுப்புக்கு, அல்லது பரணுக்கு. போர்த்துக்கேயர் 1505 இல் இத்தீவில் கால்வைத்தனர். அவரோடு வந்த நரம்புக் கருவிகளின் ஓசை இக்கரைக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கமானது. ஆயின் செய்யும் தொழில் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

இதனை ஹவாய்த் தீவுகளோடு ஒப்பிட்டு நோக்குக. 1879 ஓகஸ்ட் மாதத்தில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், போர்த்துக்கேயரின் மதேராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஹொனலூலுவில் இறக்கியது. அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகஸ்தோ தீயஸ், ஹொசே தோ எஸ்பிரித்தோ சான்தோ என்னும் தச்சர் மூவர் இருந்தனர். தமது ஊரின் சிறு நரம்புக் கருவியை அவர்கள் அத்தீவின் ‘கோவா’ மரத்திற் செய்யத் தொடங்கினர். பத்தாண்டுகள் கழிவதற்குள் ‘உக்குலேலே’ என்னும் பெயரில் அது ஹவாயின் கருவியாயிற்று. அரசன் கலாகௌவாவும் அதனை ஆதரித்தான். இன்று அதனை எவரும் போர்த்துக்கேயக் கருவி என்பதில்லை. அங்கே மூன்று தச்சர்க்குப் பத்தாண்டுகளிற் கைகூடியது இங்கே நான்கு நூற்றாண்டுகளிற் கைகூடவில்லை.

ஹவாய் தொலைவிலுள்ளது எனின், பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு மாகாணத்து மக்தான் தீவு புத்தளக் கரையை ஒத்தது. தென்னையும் மீன்பிடியும் கத்தோலிக்கத் திருவிழாக்களும் நிறைந்த கரை அது. அங்கே வீட்டு முற்றங்களில் குடும்பங்கள் கிற்றார் செய்து வந்துள்ளன. அவர்கள் பயன்படுத்தும் மரங்களுள் ஒன்று, எமது கோடிப்புறங்களில் நிற்கும் பலா. தஞ்சாவூர் வீணைக்கும் பலாவே உரிய மரம் என்பதை இசை மாணவர் அறிவர். ஆகவே மரமும் இங்குண்டு. இசைச் செவியும் உண்டு. கைத்திறனும் உண்டா என்பதே எஞ்சிய வினா.

உண்டு. கற்பிட்டிக் கரையில் வள்ளமும் தோணியும் கட்டிய ஓடாவிகளின் கைகளை நினைவுகூர்வோம். நேர்ப்பலகையைச் சூடும் ஈரமும் காட்டி வளைத்தல், விலாச் சட்டங்களில் அதனைப் பொருத்துதல், நீர் புகா வண்ணம் இரு விளிம்புகளை ஒட்டச் சீவுதல் ஆகியன அவர்தம் தொழில். கிற்றாரின் உடற்கூடு அமைப்பில் வேண்டப்படுவனவும் ஏறத்தாழ இவையே. கண்ணாடி நாரிழைப் படகுகள் வந்தபின் மரப்படகுத் தொழில் நலிந்தது. அக்கைகளில் இருந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லாது அவர்களோடே மறைகின்றது. ஒரு கலைக்களஞ்சியம் எரிந்தால் நாம் கண்ணீர் வடிப்போம். ஓர் ஓடாவி இறக்கும்போது செய்தியேனும் அறிகின்றோமா?

3

“எமது மரங்களில் நல்ல கிற்றார் செய்ய இயலாது; அதற்குக் குளிர்நாட்டு ஸ்புரூஸும் விலையுயர்ந்த ஈட்டியும் வேண்டும்” என்பது அடுத்த சாட்டு. இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஏனெனில் இதனைக் கூறுவோர் அறிந்தவர் போலக் கூறுகின்றனர்.

கிற்றாரின் நரம்பு தனித்து நின்று பெரிதாக ஒலிப்பதில்லை. நரம்பின் அதிர்வு குதிரை வழியாக முகப்புப் பலகைக்குச் செல்கின்றது. அப்பலகையும் பெட்டியினுள் உள்ள காற்றும் அதிர்ந்தே ஒலி பெருகுகின்றது. எனவே முகப்புப் பலகை மெல்லியதாகவும் இலேசானதாகவும், அதேவேளை நரம்புகளின் இழுவையைத் தாங்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். நைலோன் நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம், உருக்கு நரம்புகள் 70 கிலோகிராமுக்கு மேல் இழுவையைத் தருவன. இதனைத் தாங்குவது இரண்டரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள ஒரு பலகை. அதன் உட்புறத்தில் ஒட்டப்படும் சிறு சட்டங்களின் அமைப்பிலேயே செய்பவனின் அறிவு அடங்கியுள்ளது.

ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) தச்சுத் தொழில் பயின்றவர். இன்றைய கிற்றாரின் வடிவத்தை வகுத்தவர் அவரே. முகப்பே ஒலிக்கு முதன்மையானது என்பதைக் காட்ட, 1862 இல் அவர் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழட்டையாற் செய்து ஒரு கிற்றாரை அமைத்தார். அது இன்றும் பார்சிலோனா நகரின் இசை நூதனசாலையில் உள்ளது. 1995 இல் அமெரிக்கக் கிற்றார் உற்பத்தியாளர் பொப் ரெய்லர், பொதி தாங்கும் மரத்தட்டு ஒன்றின் பலகைகளைக் கொண்டு ஒரு கிற்றாரைச் செய்து காட்டினார். 2018 இல் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக் கழக ஆய்வாளர்கள், முதுகு மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 வாசிப்போரிடம் கண்மறைத்துக் கொடுத்துச் சோதித்தனர். விலையுயர்ந்த ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் இடையே அவர்கள் குறிப்பிடத்தக்க தர வேறுபாடு எதனையும் காணவில்லை. ஈட்டி இனத்து மரங்கள் யாவும் 2017 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இற்றான் விலக்களிக்கப்பட்டது. உலகின் பெருந்தொழிற்சாலைகளே மாற்று மரங்களைத் தேடும் காலத்தில், எமது மரங்கள் உதவா என நாம் பெருமூச்செறிகின்றோம்.

இதனை ஏட்டறிவாக மட்டும் நான் கூறவில்லை. கடந்த இரண்டாண்டுகளாக வார இறுதி நாள்களில், கற்பிட்டி வீதியோரத்து உறவினர் ஒருவரின் வீட்டுக் கோடிப்புறத்திலுள்ள ஓலைக் கொட்டிலில் இரண்டு கிற்றார்களைச் செய்து வருகின்றேன். ஒன்று முடிந்தது, மற்றொன்று பாதி. பலாவைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதால், உடைந்த அலுமாரி ஒன்றின் பலாப் பலகைகளே முதுகும் பக்கங்களும் ஆயின. இடிக்கப்பட்ட பழைய வீட்டின் முதிரை யன்னல்நிலை விரற்பலகை ஆயிற்று. முகப்புக்கு, இயந்திரம் ஒன்று பொதிந்து வந்த பெட்டியின் பைன் பலகை. பக்கங்களை வளைக்க இரும்புக் குழாயினுள் சிரட்டைக் கரியை மூட்டினோம். இறுக்கிகள் போதாமையால் பழைய சைக்கிள் ரியூபைக் கீற்றுகளாக வெட்டிச் சுற்றிக் கட்டினோம். மெட்டுகளின் இடைவெளிக்கு வேண்டியது உயர்தர வகுப்பு மாணவனுக்கும் இயன்ற கணக்கே. நரம்பின் நீளம் 650 மில்லிமீற்றர் எனின், அதனை 17.817 ஆல் வகுக்க முதல் மெட்டின் தூரம் 36.48 மில்லிமீற்றர், எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வாறே வகுத்துச் சென்றால் பன்னிரண்டாம் மெட்டு 325 இல், சரிபாதியில், வந்து நிற்கும். கணிதத்தையும் இசையையும் வெவ்வேறு பீடங்களிற் பிரித்து வைத்துள்ள எமக்கு அவ்விரண்டும் ஒரு பலகையிற் கூடுவதைக் காண்பது நல்ல பாடம்.

பிழையும் நேர்ந்தது. முதற் கிற்றாரின் உட்சட்டங்களைக் கார்த்திகை மாதத்து அடைமழையில், ஒரு சனிக்கிழமையில், அவசரப்பட்டு ஒட்டினேன். மாசியில் வறட்சி வந்ததும் முகப்பு நார்வழியே இரண்டங்குல நீளம் வெடித்தது. மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்கே விரியும், காய்ந்தால் சுருங்கும். விரிந்த நிலையில் அதனைச் சட்டங்களோடு பிணைத்துவிட்டால், சுருங்க இடமின்றி வெடிக்கும். நூலிற் படித்திருந்தும் நான் பொருட்படுத்தாத இவ்வுண்மையை, அயலில் வாழும் முதிய ஓடாவி ஒருவர் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்: “பலகைக்கு உசிர் போனாலும் தண்ணித் தாகம் போகாது, தம்பி. மழைக்குள்ள ஒட்டினா வெயிலுக்குள்ள பழி வாங்கும்.” அவரே உட்புறத்தில் சிறு துண்டுகள் வைத்து அதனை ஒட்டியும் தந்தார். இரண்டாவது கிற்றாரின் சட்டங்களை அவரது சொற்படி, வறண்ட மாதத்தில், அடுப்படிப் பரணிற் பல வாரம் உலர்த்திய பலகையில் ஒட்டினேன். வெடிப்பு நேரவில்லை.

இப்பிழையிலிருந்து பெறப்படும் உண்மை எனது கொட்டிலோடு முடிவதன்று. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் காற்றின் சாரீரப்பதன் 45 வீதமளவில் இருக்குமாறு அறைகளைக் கட்டுப்படுத்தி அங்கே கிற்றார்களைப் பூட்டுகின்றன. எமது கரையிலோ ஆண்டின் பெரும்பகுதியில் அது 70 வீதத்துக்கு மேற்பட்டது. அக்கருவி இங்கு வந்ததும் ஈரத்தை உறிஞ்சி முகப்பு வீங்கும். நரம்புகள் உயர்ந்து விரலுக்கு எட்டாதாகும். குதிரையின் ஒட்டுப் பசை வெப்பத்தில் இளகும். ஆதலால் எமது கரைக்கு உகந்த கிற்றார், எமது காற்றை அறிந்தவன் எமது மாதக் கணக்குப்படி பூட்டியதேயாகும். இது தேசப்பற்றினாற் சொல்லப்படும் வாதமன்று. மரத்தின் இயல்பே இதற்கு ஆதாரம்.

4

“இவையெல்லாம் சரி, ஆயின் ஐந்து மாத வார இறுதிகளைச் செலவிட்டு நீர் செய்ததைவிடச் சிறந்ததைத் தொழிற்சாலை மலிவாகத் தருகின்றதே” என்பது பொருளியலாளரின் வாதம். இதில் உண்மை உண்டென்பதை ஒப்புக்கொள்கின்றேன். எனது முதற் கிற்றாரின் தடித்த நரம்புகள் இன்றும் சற்று மந்தமாகவே ஒலிக்கின்றன. புத்தளக் கரை நாளையே ஏற்றுமதி மையமாகும் என்று கனவு காண்பதற்கும் நான் ஆயத்தமாக இல்லை. ஆனால் இவ்வாதம் ஒரு கணக்கை மறைக்கின்றது.

எனக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றுக்கு வெளிநாட்டு அன்பர்கள் எட்டுக் கிற்றார்களை அன்பளிப்புச் செய்தனர். மாலை போட்டு, படம் பிடித்து, விழா எடுத்து அவை ஏற்கப்பட்டன. இரண்டு மாரிகள் கழிந்தன. மூன்றின் குதிரைகள் பெயர்ந்தன. இரண்டின் கழுத்துகள் வளைந்தன. ஒன்றின் முகப்பு வெடித்தது. நான் கண்டபோது எஞ்சிய இரண்டைச் சுற்றி இருபத்தைந்து பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருந்தனர். ஏனையவை உடைந்த மேசைகளோடு களஞ்சிய அறையிற் கிடந்தன. பெயர்ந்த குதிரையை மீள ஒட்டுவதற்குச் சிறிது பசையும், இரண்டு இறுக்கிகளும், ஒருநாட் பொறுமையும் போதும். அதை அறிந்த ஒருவர் அவ்வூரில் இல்லை. அல்லது இருந்தார், அவர் படகு செய்பவராகையால் அவரைக் கேட்கலாம் என எவருக்கும் தோன்றவில்லை.

செய்யத் தெரியாதவன் பழுதுபார்க்கவும் தெரியாதவன். பழுதுபார்க்க இயலாத சமூகத்துக்கு மலிவான பொருள் என்பது ஒன்றில்லை. அது ஒரே பொருளுக்கு மூன்று முறை விலை கொடுக்கின்றது. ஆதலால் வீட்டுப் பட்டறையில் வார இறுதி தோறும் ஒருவன் செய்யும் வேலையை, அதில் முடிவுறும் கிற்றார்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளப்பது தவறு. அப்பட்டறை ஊரில் இருப்பதனால் எத்தனை கருவிகள் அடுப்புக்குச் செல்லாது மீள்கின்றன, எத்தனை சிறுவர் உளி பிடிக்கப் பழகுகின்றனர் என்பவற்றையும் அக்கணக்கிற் சேர்க்க வேண்டும்.

5

மரமும் உண்டு, கையும் உண்டு, செவியும் உண்டு, தேவையும் உண்டு. இருந்தும் தொழில் வேரூன்றாமைக்குக் காரணம் யாது? விடை கசப்பானது. கருவியைப் போற்றிக் கருவி செய்தவனைப் புறந்தள்ளிய சமூகம் எமது சமூகம். தோலைப் பதனிட்டுப் பறை செய்தவனை ஊர்ப்புறத்தில் நிறுத்தினோம். தச்சுத் தொழிலை ஒரு சாதிக்கும், வாசிப்பதை மற்றொரு சாதிக்கும், மதிப்பிட்டுத் தலையசைப்பதை வேறொரு சாதிக்கும் ஒதுக்கினோம். இம்மூன்றும் ஓர் ஆளிடம் கூடுவதைத் தடுத்தபின், தோரெஸ் போன்ற ஒருவர் எம்மிடையே ஏன் தோன்றவில்லை என வினவுவதில் பொருளில்லை. கல்வி இச்சுவர்களை உடைக்கும் என நம்பினோம். கல்வியோ கையழுக்குப் படாமைக்கான அனுமதிப் பத்திரமாக மாறிற்று. எனது கைவிரற் காயங்களைக் கண்ட சக விரிவுரையாளர் ஒருவர், “படித்த நீர் ஏன் இந்தத் தச்சு வேலையில் இறங்குகின்றீர்?” என அனுதாபத்தோடு வினவினார். அவர் தமிழிசை மரபு பற்றிப் பல மேடைகளில் உரையாற்றியவர். அவ்வனுதாபத்திலேதான் எமது நோய் உள்ளது.

அண்மைக் காலத்தில் அரசுகள்கூட ஓரளவு விழித்துக்கொண்டுள்ளன. தமிழகத்தில் தஞ்சாவூர் வீணை 2013 இலும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022 இலும் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு வாசிப்பவர் பெயராலன்றிக் கருவி செய்யும் ஊரின் பெயரால் வழங்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஆயின் குறியீடு மட்டும் ஒரு கைத்தொழிலை வாழவைக்காது. அதனைக் கற்க இளைஞர் முன்வர வேண்டும். அவர்கள் முன்வரக் கற்றோர் மதிப்பளிக்க வேண்டும்.

எனவே பொதுப்பட ஒப்பாரி வைப்பதை விடுத்து, இத்தமிழ்ச் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். ஒன்று: கிற்றாரின் உறுப்புகளுக்கும் அதனைச் செய்யும் கருவிகளுக்கும் தொழிலுக்கும் உரிய சொற்களைத் திரட்டுக. பத்தர், கோடு, திவவு முதலிய பழஞ்சொற்களையும், ஓடாவிகளும் தச்சர்களும் இன்று வழங்கும் சொற்களையும் அருகருகே வைத்துத் தொகுப்பின் அது எமது மொழிக்குச் செய்யும் மெய்யான தொண்டாகும். இரண்டு: கலைவிழாவின் நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஒரு வார இறுதியில் மாணவர் பத்துப் பேரைப் புத்தளக் கரைக்கு அனுப்புக, அங்கே பழுதடைந்து கிடக்கும் பாடசாலைக் கருவிகளை ஓர் ஓடாவியின் மேற்பார்வையில் அவர்கள் திருத்தட்டும். செலவு, ஒருநாள் ஒலிபெருக்கி வாடகையிலும் குறைவாகவே இருக்கும். மூன்று: மேடையில் வாசிப்பவரின் பெயர் அறிவிக்கப்படும்போது, செய்தவரின் பெயரும் அறிவிக்கப்படுக. பெயர் தெரியாவிடின், தெரியாது என்றே அறிவிக்குக. அந்த வெட்கம் எமக்குப் பயன்படும்.

கிற்றார் எமதா, பிறரதா என்னும் விவாதத்தை இவ்வாண்டு மட்டுமேனும் ஒத்திவைப்போம். அடுத்த மலரில் அவ்விடத்தைப் பலகையை வளைக்கவும் பொருத்தவும் அறிந்த ஒரு முதியவரின் கூற்றுக்கு அளிப்போம். அவர் எழுத அறியாதவராயின் நம்முள் ஒருவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொள்ளலாம். விரைந்து செய்தல் வேண்டும். அவர்கள் முதுமையடைந்துள்ளனர், அவர்களிடம் கற்பவர் எவருமில்லை.